நாலுக்கு எட்டு

சின்னமனூரில் எனக்கு மோட்டார் கடை இருக்கிறது. கிணற்று மோட்டார், போர் மோட்டார், ஸ்டார்ட்டர், பைப் எல்லாம் விற்கிறேன். ஓடைப்பட்டித் திராட்சைக்காரர்களும் சுருளிப்பட்டி வாழைக்காரர்களும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மோட்டார் வாங்குவதில்லை. அடுத்த கடையில் வாங்கப் போகிறவன்கூட என் கடையில் உட்கார்ந்து யோசனை கேட்டு, என் காசில் டீயும் குடித்துவிட்டுத்தான் அங்கே போவான். எனக்கு அதில் கோபமும் உண்டு, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். "அஞ்சு ஹெச்.பி. போதும்னு தோணுச்சுன்னா ஏழரையா வாங்கிப் போடுங்க. தண்ணி கீழ போனதுக்கப்புறம் எங்கிட்ட வந்து அழாதீக." எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இது நான் கண்டுபிடித்த வேதம் இல்லை. டிராக்டர் வாங்குகிறவனும் தன் மூன்று ஏக்கரை மனதில் வைத்து வாங்க மாட்டான். ஊரான் முப்பது ஏக்கரை வாடகைக்கு உழுகிற நினைப்பில்தான் வாங்குவான். மருந்தடிக்கிற மெஷினும் அப்படித்தான், பவர் டில்லரும் அப்படித்தான். தேவைக்கு மேல் ஒரு படி வாங்கு, மிச்சத்தை வாடகைக்கு விடு. மோட்டார் விஷயத்தில் இந்தப் புத்தி என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. என் தங்கச்சி விஷயத்தில் ஏமாற்றிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

தங்கச்சி என்னைவிட ஒன்பது வயது சின்னவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தது நான். மாப்பிள்ளையும் எங்கள் பக்கத்து ஆள்தான். கேரள மலையில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் குத்தகைக்கு எடுத்து அங்கேயே இருந்துவிட்டவர். குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கமும் கிடையாது. வெளியே போகும்போது வீட்டை வெளிப்பக்கமாகப் பூட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான். ஏழு வருடம் அப்படிப் பூட்டினார். எட்டாவது வருடம் ஒரு நாள், பூட்ட மறந்தாரோ என்னவோ, அவள் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு ஒற்றைப் பையோடு கம்பம் மெட்டு இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அடிச்சிருந்தாக்கூடச் சொல்றதுக்கு லேசா இருந்திருக்கும்ணே" என்றாள். "பூட்டுனாகன்னு சொன்னா யாரு கேக்குறா? அங்கன மலைக்காடு, உன் நல்லதுக்குத்தான் பூட்டுறாகங்கிறாக."

நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். எங்களில் கட்டிய தாலியை விட்டு விலகுவது லேசில் நடக்காது. இன்னொரு கல்யாணம் என்ற பேச்சே எழாது. அதனால் அவளுக்கு இருந்தது இரண்டே வழி. திரும்பிப் போவது, இல்லையென்றால் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து தின்கிறாள் என்ற பெயரோடு கடைசிவரை இருப்பது. ஒரு மாதம் கழித்து மாப்பிள்ளையும் அவருடைய பெரியப்பாவும், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் வந்து முன்னறையில் உட்கார்ந்தார்கள். கல்லானாலும் கணவன் என்ற பழைய ரிக்கார்டை ஆளுக்கு ஒரு தடவை போட்டார்கள். நான் எல்லோருக்கும் சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுப்படி வாசலில் நின்றபடி தங்கச்சிதான் பேசினாள். "எனக்கு ஒரு வருஷம் விடுங்க. எனக்கும் எம்மகளுக்கும் நானே சம்பாதிச்சுக் கஞ்சி ஊத்திக்கிட்டேன்னா, அதுக்கு மேல யாரும் கூப்பிட வரக் கூடாது. முடியலன்னா நானே வந்துர்றேன்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னாள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். பெரியப்பா, "சரி ஆத்தா, சபையில சொன்ன சொல்லு, ரெண்டு பக்கமும் மாறக் கூடாது" என்றார். மாப்பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை.

கல்யாணத்துக்கு முன்பு அவள் தேனியில் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்த்தவள். கம்ப்யூட்டரில் எழுத்தும் படமும் போடுவது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அந்தக் கைத்தொழிலை வைத்து அவள் கண்டுபிடித்த வழிதான் சி.என்.சி. ரவுட்டர். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் பலகையில் அதே மாதிரி தானாகச் செதுக்கி எடுக்கும் மெஷின். வீட்டுப் பெயர்ப்பலகை, மாதா படத்துக்குச் சட்டம், போடி ஏலக்காய் வியாபாரிகள் தீபாவளிக்குக் கொடுக்கும் பரிசுப் பெட்டி, இவைதான் அவள் திட்டம். மலையில் இருந்த ஏழு வருடத்தில் மலையாளம் எழுதப் படிக்கக் கற்றிருந்தாள். கேரளாக்காரர்கள் வீட்டுக்குப் பெயர் வைக்காமல் குடியேற மாட்டார்கள், அந்தப் பலகைகளை மலையாள எழுத்திலேயே செய்து குமுளிக் கடைகளுக்கு அனுப்பலாம் என்றாள். கேட்கும்போது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பூட்டிய வீட்டுக்குள் இருந்து இவ்வளவு யோசித்திருக்கிறாள்.

இரண்டு மாதம் போனில் மெஷின்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த மெஷினில் பெல்ட், எதில் ஸ்குரூ, எதில் கம்பி மேல் ஓட்டம், எதில் தண்டவாளம் மாதிரி கட்டை மேல் ஓட்டம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கடைசியில் ஒன்றைப் பிடித்துவிட்டாள். இரண்டடிக்கு மூன்றடி மேடை. சாதாரண வீட்டுக் கரண்டிலேயே ஓடும். மேடை சின்னதுதான், ஆனால் உடம்பு கனமான இரும்பு, அசையாது. எங்கள் வீட்டு முன்னறையில் பழைய பைக் நிற்கும் இடத்தில் வைத்துவிடலாம். பைக்கை வெளியே தள்ளிவிட்டு, தரையில் சாக்பீஸால் மெஷின் அளவுக்கு ஒரு கட்டம் போட்டாள். பலகையை எந்தப் பக்கம் நின்று வைப்பது, தூசி எங்கே போகும், கதவைத் திறந்தால் இடிக்குமா என்று அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தாள். மகள் அதற்குள் நொண்டி அடித்துக் கட்டத்தை அழிப்பாள், இவள் திரும்பவும் போடுவாள்.

நான் கடையிலிருந்து வந்து அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சிரித்தேன். "என்னத்தா இது, கிரைண்டர் வாங்கப் போறியா, மெஷின் வாங்கப் போறியா?"

அவள் நோட்டை எடுத்து வந்து விளக்கினாள். நான் பாதிதான் கேட்டேன். மோட்டார் கடைக்காரனுக்கு மெஷினைப் பற்றி இன்னொருவர் சொல்லிக் கேட்க எப்படிக் காது வரும்? "பிளைவுட்டு எட்டுக்கு நாலு வருது. கதவு ஏழடி வருது. ரெண்டுக்கு மூணு மெஷின வச்சு என்ன செய்வ? நாலுக்கு எட்டு வாங்கிப் போட்டம்னா கம்பத்துல இருந்து தேனி வரைக்கும் இருக்கிற ஆசாரி பூராம் நம்மகிட்டதான் கதவத் தூக்கிட்டு வரணும். உன் வேலை போக மிச்ச நேரம் வாடகைக்கு ஓடும்ல?"

"எனக்கு இது போதும்ணே" என்றாள். "பலகைய நானே தூக்கி வைக்கணும், நானே எடுக்கணும். வீட்டுக்குள்ளயே இருக்கணும்."

அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அண்ணனுக்குச் செலவு வைக்க வேண்டாம் என்று பயப்படுகிறாள் என்று நினைத்து எனக்குக் கண்கூடக் கலங்கியது. என் மனைவி அடுப்படியில் இருந்தே சொன்னாள்: "விரலுக்குத் தக்கன வீக்கம் போதுங்க. ஓட்டப் போறவ அவ. அவ சொல்றத வாங்கிக் குடுங்க." எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு பொம்பளைகள் சேர்ந்து எனக்கு மெஷின் சொல்லித் தருவதா என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டில் குறை கண்டுபிடித்து எழுந்துவிட்டேன்.

கோயம்புத்தூருக்கு நானும் தங்கச்சியும் பஸ்ஸில் போனோம். கம்பெனி ஷோரூமில் பெரியதும் சின்னதுமாகப் பத்து மெஷின் நின்றன. டை கட்டிய சேல்ஸ் பையன் எனக்கு நாற்காலி போட்டான். அவளுக்கும் போட்டான், ஆனால் பேச்சு முழுவதும் என்னிடம்தான். அவள் கேட்ட கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னான். "ஸ்குரூவுல எவ்வளவு ஆட்டம் இருக்கும்?" என்று அவள் கேட்டாள். "சார், நம்ம மெஷின்ல ஆட்டமே கிடையாது சார்" என்று என்னிடம் சொன்னான். எனக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. அதைச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது.

அவள் ஊரிலிருந்தே ஒரு தேக்குத் துண்டும், பென் டிரைவில் ஒரு படமும் கொண்டுவந்திருந்தாள். சின்ன மெஷினில் அதை ஓட்டிக் காட்டச் சொன்னாள். பையன் அலுத்துக்கொண்டே மாட்டினான். பலகையை அவளே கிளாம்ப் வைத்து இறுக்கினாள். கால் மணி நேரத்தில் மலையாள எழுத்தில் ஒரு வீட்டுப் பெயர் வந்தது. எழுத்தின் வளைவுகளில் ஒரு பிசிறு இல்லை. ஊதித் தூசி தட்டி அதை விரலால் தடவிப் பார்த்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மலையில் இருந்து வந்த பிறகு அவள் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். ஆனால் பையன் எங்களைப் பக்கத்து வரிசைக்குக் கூட்டிப் போனான். அங்கே நாலுக்கு எட்டு நின்றது, கல்யாண மண்டபத்து மேடை மாதிரி. "சார், ஆஃபர்ல போகுது. அந்தச் சின்னதுல நீங்க போடுற காசுக்குக் கொஞ்சம்தான் கூட. நாளைக்கு பிசினஸ் வளந்தா அத வித்துட்டு இதத்தான் வாங்கணும். இப்பவே வாங்கிருங்க." அது என் கடையில் நான் சொல்லும் வசனம்தான். என் சரக்கை எனக்கே விற்கிறான் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

தங்கச்சி அந்தப் பெரிய மெஷினின் குறுக்குச்சட்டத்தை ஒரு கையால் பிடித்து அசைத்துப் பார்த்தாள். "அண்ணே, இது ஆடுது" என்றாள் மெதுவாக. "இவ்வளவு பெருசை இந்த விலைக்குக் குடுக்கணும்னா இரும்பத்தான் குறைச்சிருப்பாக. நல்லதா வேணும்னா சின்னது, பெருசா வேணும்னா மட்டம். நம்ம காசுக்கு ரெண்டுல ஒண்ணுதாண்ணே."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? இன்று யாராவது என்னிடம் சி.என்.சி. வாங்க யோசனை கேட்டால் இந்த வார்த்தையைத்தான் அப்படியே சொல்கிறேன். அன்று, சேல்ஸ் பையன் முன்னால் அவள் இப்படிப் பேசுகிறாளே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. "நீ சும்மா இரு தாயி, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியதற்கு அட்வான்ஸ் கொடுத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். களைப்பு என்று நினைத்தேன். பழனியில் பஸ் நின்றபோது அவளுக்குப் பஞ்சாமிர்தம் வாங்கிக் கொடுத்தேன்.

நாலுக்கு எட்டு முன்னறைக்குள் நுழையாது. நுழைந்தாலும் வீட்டுக் கரண்டில் ஓடாது, மூன்று பேஸ் வேண்டும். ஓடைப்பட்டி ரோட்டில் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் பழம் அடுக்குகிற பெரிய ஷெட் ஒன்று இருந்தது. அதற்குத் தனியாக மூன்று பேஸ் லைன் இழுத்தேன், சிமெண்டுத் தரை போட்டேன். மெஷின் லாரியில் வந்து இறங்கிய அன்று பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தோம். ஊரே வந்து பார்த்தது. நான் எல்லோருக்கும் கேசரி கொடுத்தேன். தங்கச்சி மெஷின் பக்கத்தில் நின்று எட்டடி மேடையின் நீளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் ஆச்சரியம் இல்லை. தோட்டத்து ஷெட் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். சுற்றிலும் திராட்சைப் பந்தல், ஆள் நடமாட்டம் கிடையாது. காலையில் நான் பைக்கில் கொண்டுபோய் விட வேண்டும், நான் கடையைப் பார்த்துவிட்டு வருகிற நேரத்துக்கு அவள் காத்திருக்க வேண்டும். ஒரு முழு பிளைவுட்டை மேடையில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். கதவுப் பலகை என்றால் சொல்லவே வேண்டாம். முதல் வாரமே அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதனால் ஆள் போட்டேன். திருப்பூரில் மெஷின் ஓட்டிவிட்டு வந்த ஒருத்தன், நாற்பது வயதுக்காரன், நல்ல வேலைக்காரன்தான்.

பெயர்ப்பலகை வேலை நடக்கவே இல்லை. அவள் பயந்த மாதிரியே குறுக்குச்சட்டம் ஆடியது. சின்ன எழுத்தின் வளைவுகளில் பல் பல்லாக வந்தது. முதலில் அனுப்பிய பத்துப் பலகையில் ஆறைக் குமுளிக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். கதவுக்கு அந்த ஆட்டம் பெரிதாகத் தெரியாது, பாலிஷில் மறைந்துவிடும். அதனால் ஆசாரிமார் கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நான் சொன்ன மாதிரியே. கேரளாவில் இடித்த வீடுகளிலிருந்து வந்த பழைய தேக்கு. உள்ளே ஒளிந்திருந்த ஆணி பட்டு வாரம் இரண்டு செதுக்குகிற பிட் உடைந்தது. மெஷின் இரவு பகலாக ஓடியது. ஆனால் ஆசாரி பேசுவது ஆபரேட்டரிடம், கூலி கொடுப்பது என்னிடம். தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து டிசைன் போட்டு அனுப்பினாள். கொஞ்ச நாளில் ஆபரேட்டர் போனிலேயே ரெடிமேட் டிசைன் இறக்கிக்கொள்ளப் பழகிவிட்டான். மயில், கலசம், பிள்ளையார், எல்லாம் அதில் கிடைத்தது. அவளைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

அப்போதுகூட அவள் விடவில்லை. "ஆபரேட்டர் கூட நானும் போயி ஓட்டப் பழகுறேண்ணே, பெரிய மெஷினையும் பழகிட்டா என் கையில ஒரு தொழிலு இருக்கும்" என்று தினமும் ஷெட்டுக்குப் போனாள். மூன்று மாதம் போனாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மரத்தூளில் நிற்பாள். ஆபரேட்டரும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த என் மனைவி முக்காட்டைக்கூட எடுக்காமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தோட்டத்து ஷெட்டுல ரெண்டு பேரும் ஒத்தையில இருக்காகன்னு பேசுறாக. மலை வரைக்கும் போயிருச்சாம்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தப் பெருச வித்துப்புட்டு அவ கேட்டதையே வாங்கிப் போட்டுருவமா? இன்னும் நாலு மாசம் இருக்குல்ல" என்றாள்.

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். விற்றிருக்கலாம். வாங்குவதற்கு ஆளும் இருந்தது, ஓடுகிற மெஷின்தானே. நான்கு மாதத்தில் அவள் எப்படியும் தன் காலில் நின்றிருப்பாள். என்னைத் தடுத்தது ஒன்றே ஒன்றுதான். மோட்டார் கடைக்காரனுக்கே மெஷின் பார்த்து வாங்கத் தெரியவில்லை என்று நாலு பேர் சிரிப்பார்கள். கேசரி தின்ற வாயெல்லாம் சிரிக்கும். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விற்பதற்குப் பதிலாக நான் செய்தது இது. அன்று மத்தியானம் தங்கச்சியைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு நீ ஷெட்டுப் பக்கம் போகாத தாயி. வீட்டுலயே இரு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "இங்கனயுமாண்ணே?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதும் வழக்கம்போலக் கோபம்தான் வந்தது. "எல்லாம் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று கத்தினேன். அவள் உள்ளே போய் மகளுக்குத் தலை பின்னிவிட ஆரம்பித்தாள். அதே வார்த்தையை அவள் ஏழு வருடம் வேறொரு வீட்டில் கேட்டிருக்கிறாள் என்பது அன்று என் மரமண்டைக்கு ஏறவில்லை. என் மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

வருடம் முடிந்ததும் அதே ஆட்கள் வந்து அதே முன்னறையில் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டு பேசினேன். மெஷின் இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது, கதவு வேலை வரிசையில் நிற்கிறது, இன்னும் ஆறு மாதம் கொடுங்கள் என்று கடையில் சரக்கு விற்கிற வேகத்தில் பேசினேன். பெரியப்பா முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"மெஷின் யாருப்பா ஓட்டுறது?"

"ஆளு போட்டிருக்கு" என்றேன்.

"அப்ப பிள்ளை என்ன செய்யுது?"

'அவள் சரியான மெஷினைத்தான் கேட்டாள், நான்தான் என் இஷ்டத்துக்கு வேறு வாங்கி அவள் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன், தப்பு என்னுடையது, அவளுக்கு இன்னொரு வருடம் கொடுங்கள்' என்று சொல்ல வேண்டிய இடம் அது. சபையில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எம் பிள்ளையா எங்க வீட்டுல இருந்துட்டுப் போகட்டும்" என்று மட்டும் சொன்னேன். அதை யார் கேட்டார்கள்? அண்ணன் சோறு வேண்டாம் என்பதற்குத்தானே அவள் ஒரு வருடம் கேட்டாள்.

அடுப்படி வாசலில் இருந்து அவளே முடித்தாள். "முடியல மாமா. சொன்னபடி வந்துர்றேன்."

என் மனைவி அடுப்படிக்குள் விம்முகிற சத்தம் முன்னறை வரை கேட்டது. மாப்பிள்ளை முதல் தடவையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஜெயித்த சந்தோஷம்கூட இல்லை. வைத்த இடத்தில் கிடந்த சாமானை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

மறுநாள் காலை மலையிலிருந்து ஜீப் வந்தது. மாப்பிள்ளை முன்சீட்டில் இருந்தார். மகள் என் மனைவியை விட மாட்டேன் என்று சேலையைப் பிடித்துக்கொண்டாள். தங்கச்சி பைகளைப் பின்னால் ஏற்றினாள். வந்தபோது ஒரு பை, இப்போது மூன்று. மெஷின் விவரம் எழுதிய அந்த நோட்டை என் மனைவியிடம் கொடுத்துவிட்டிருந்தாள். நான் பக்கத்தில் போய், முன்சீட்டுக்குக் கேட்காதபடி, "ஏத்தா, அன்னைக்கே நீ கொஞ்சம் அடிச்சுச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். அப்போதும் பழியில் பாதியை அவள் தலையில் வைக்கத்தான் பார்த்திருக்கிறேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. "சொன்னேண்ணே. எத்தனையோ தடவ சொன்னேன்" என்றாள். "நீங்க நான் மெஷினப் பத்திப் பேசுறேன்னு நெனச்சீக."

ஜீப் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து மெஷினை விற்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஏன் விற்றாய் என்றுகூட இரண்டு பேருக்கு மேல் கேட்கவில்லை. இதற்கா நான் அவ்வளவு பயந்தேன் என்று இருந்தது. இப்போது அந்த ஷெட்டில் பழையபடி திராட்சை அடுக்குகிறோம். சின்ன மெஷின் ஒன்றை வாங்கி மலைக்கே அனுப்பலாம் என்று மனைவி சொன்னாள். கண் கெட்ட பிறகுதானே எங்கள் வீட்டில் சூரிய நமஸ்காரம். மாப்பிள்ளையிடம் கேட்டோம். "எதுக்கு மச்சான், இங்க அவளுக்கு என்ன குறை?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசை முடிந்த பிறகு தங்கச்சி போன் பேசுவாள். போன் மாப்பிள்ளையுடையது, ஸ்பீக்கரில் போட்டுத்தான் கொடுப்பார். அவர் இருமுவதும் டம்ளர் வைப்பதும் கேட்கும். "நல்லா இருக்கேண்ணே. மதினி நல்லா இருக்காகளா?" என்பாள். ஒவ்வொரு வாரமும் இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனைக் கையில் எடுக்கிறேன். மன்னித்துவிடு தாயி, நீ கேட்டதுதான் சரி, நான்தான் கெடுத்தேன். வாய் வரைக்கும் வருகிறது. அவர் கேட்டுக்கொண்டிருப்பார். நான் சொன்னால், தனியாகப் பிழைக்க அவள் எப்படியெல்லாம் திட்டம் போட்டாள் என்பதையும் சேர்த்துத்தான் அவர் கேட்பார். அதற்கு அவள்தான் அங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"அங்கன மழை எப்படித்தா?" என்று கேட்கிறேன்.

"பெய்யுதுண்ணே" என்கிறாள்.